மூன்றாவது தூணின் பாய்

சமோவாவில் எங்கள் ஃபலேபுவா ஊர்ச் சபை வீட்டில், கடல் பார்த்த பக்கம், மூன்றாவது தூணுக்கு முன்னால், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு பாய் விரிந்து கிடந்தது. அதில் யாரும் உட்காரமாட்டார்கள். ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை, தெரியாமல் உட்கார்ந்தார். அதற்கு அவர் பட்ட பாட்டை ஃபலேபுவாவில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தப் பாயை விரித்தவள் என் அத்தை ஃபுவாதினோ. போன மாதம் அவளை அடக்கம் செய்தோம். வந்த உறவெல்லாம் படகேறிப் போய்விட்டது, வீடு அடங்கிவிட்டது. அவளைப் பற்றி எழுதி வைக்க வேறு யாரும் இல்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

அத்தை பெரிய ஆள் இல்லை. சேப்பங்கிழங்கு நட்டாள், பாய் முடைந்தாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே சுருதி பிடித்து எல்லாரையும் மூச்சிரைக்க வைத்தாள். படிப்பு பாதிரியார் வீட்டுப் பள்ளிக்கூடத்தோடு முடிந்தது. வாய் மட்டும் நீளம். அவள் கரையில் நின்று பேசினால் மீன் தானாக வலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும் என்பது ஊரில் பழைய கேலி.

அவள் கணவர் பெயர் இயோசேஃபோ. அவருக்குக் குடும்பம் கொடுத்த தலைவர் பட்டம் தவுவாசா. பட்டம் கிடைத்த பிறகு எங்கள் ஊரில் ஒருவரை வெறும் பெயர் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள். சபை வீட்டில் அவருக்கென்று ஒரு தூண் உண்டு, அதில் சாய்ந்து உட்காருவார். திங்கட்கிழமை சபை கூடும்போது, ஆவா வேரைக் கரைத்த பானத்தை ஏந்தி ஒவ்வொரு தலைவரையும் அவரவர் கோப்பைப் பெயரால் உரக்க அழைப்பார்கள். தவுவாசாவின் கோப்பைப் பெயர் ‘அலை ஓயாத முற்றம்’. அப்படி அழைத்தால் அந்தத் தலைவர் சபையில் இருக்கிறார் என்று பொருள். அழைக்காவிட்டால் இல்லை.

ஜெர்மனிக்காரர்கள் போய் நியூசிலாந்துக்காரர்கள் வந்து ஆண்ட காலம் அது. எங்களை நாங்களே ஆண்டுகொள்கிறோம் என்று சமோவா முழுவதும் எழுந்த மாவ் இயக்கத்தில் மாமாவும் சேர்ந்தார். இயக்கத்தின் சீருடையான, வெள்ளைக் கோடு போட்ட நீல லாவாலாவாத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு தலைநகர் ஆப்பியா வரை போய்வந்தார். துரைமார்களிடம் அப்போது ஒரு சட்டம் இருந்தது. விசாரணை, சாட்சி எதுவும் இல்லாமல் ஒரே ஆணையில் ஒருவரை ஊரைவிட்டு அனுப்பலாம், அவருடைய பட்டத்தையும் பறிக்கலாம். ஒரு திங்கட்கிழமை சபையில் அந்த ஆணையை வாசித்தார்கள். இயோசேஃபோ என்பவர் இனிமேல் தவுவாசா அல்ல. உப்போலுத் தீவின் தென்கரையில், எங்களுக்கு உறவென்று ஒருவருமில்லாத ஓர் ஊரில்தான் அவர் இருக்க வேண்டும்.

மறுவாரம் அத்தை மற்றப் பெண்களோடு சபை வீட்டு முற்றத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே ஆவா அழைப்பு நடந்தது. அழைப்பவர் ஃபூலிசியா. சபைக்காகப் பேசும் ஊரின் சொல்வலர், மாமாவுக்குச் சித்தப்பா மகன், அத்தையின் கல்யாணத்தில் அவளைக் கேலி செய்தே அழவைத்தவர். அவர் குரல் வரிசையாக எல்லாக் கோப்பைகளையும் அழைத்தது. ‘அலை ஓயாத முற்றம்’ வரவேண்டிய இடத்தில் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

அத்தை அழவில்லை. பிடுங்கிய புல்லை ஓரமாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த திங்கள் காலையில் சபை கூடும் முன்பே போய் மூன்றாவது தூணின் கீழ் ஒரு பாயை விரித்தாள்.

ஃபூலிசியா பதறிக்கொண்டு வந்தார்.

“அண்ணி, பாய எடுங்க. சட்டம் வந்திருக்கு, தெரியாதா?”

“சட்டம் கப்பல்ல வந்துச்சு தம்பி, நானும் பாத்தேன். பேரு எதுல வந்துச்சு?”

“அதில்ல அண்ணி...”

“பேரு நீங்க குடுத்தது. பட்டம் கட்டுன அன்னைக்கி எத்தன பன்னி அடிச்சோம்? எங்கப்பா வீட்டுச் சீர்ப் பாயெல்லாம் யாரு மடியில போச்சு? உங்க மடியிலதான் தம்பி, மறந்துட்டீங்களா? குடுத்தவங்க கூடி உக்காந்து எடுத்தா அது நியாயம். அந்த வெலிங்டன்காரன் ஒரு கோழிக்குஞ்சாவது கொண்டாந்தானா?”

“மெதுவாப் பேசுங்க. துரையோட மொழிபெயர்ப்புக்காரன் காதுல விழப்போகுது.”

“விழட்டும். சரியாப் பேர்த்துச் சொல்லச் சொல்லுங்க.”

ஃபூலிசியா பாயைச் சுருட்டி ஓரத்தில் வைத்தார். அடுத்த திங்கள் அது மறுபடி விரிந்து கிடந்தது. சில மாதங்கள் இப்படியே போனது. பிறகு சுருட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பாய் இருந்தது, அழைப்புதான் வரவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த அழைப்பு ஒன்றுதான். அவள் கணவரை அழைக்காமல் விட்ட அதே வாய், அவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.

இயக்கத்தார் ஜெனீவாவுக்கு மனு அனுப்பியபோது ஊரே நம்பியது. உலகத்து நாடுகளெல்லாம் சேர்ந்து உட்காரும் சபை அங்கே இருக்கிறதாம், அவர்கள்தான் எங்களை நியூசிலாந்தின் கையில் ஒப்படைத்தவர்களாம். ஒப்படைத்தவர்கள் கேட்கமாட்டார்களா? கேட்கவில்லை. மனுவை எந்த ஆட்சிமேல் புகாரோ அதே ஆட்சியிடம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. எங்கள் ஆட்கள் நேரில் போய் வாயால் சொல்லவும் இடமில்லை. கிணற்றடியில் இதைக் கேட்டதும் அத்தை குடத்தை இறக்கி வைத்தாள்.

“அப்ப என் பன்னியத் திருடுனவன் வீட்டுக்கே போய், ‘ஐயா என் பன்னியக் காணோம், கொஞ்சம் எழுதிக் குடுத்து அனுப்புங்க’ன்னு நிக்கணுமா?”

“அந்தப் பன்னிய அவன் வீட்டுலயே வறுத்துத் தின்னுட்டு அவன் எழுதித் தருவான்டி” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள் என்று என் அம்மா சொல்வாள்.

மாமா திரும்பவில்லை. மூன்றாம் மழைக்காலத்தில் காய்ச்சலில் அந்தத் தென்கரையிலேயே இறந்தார். கல்லறைப் பலகையில் இயோசேஃபோ என்று மட்டும் எழுதினார்கள். தவுவாசா என்று எழுத அந்த ஊர்க்காரர்களுக்குப் பயம்.

அதன் பிறகுதான் ஒரு துரை அந்தப் பாயில் உட்கார்ந்தது. எங்கள் சவாயித் தீவுக்குப் புதிதாக வந்தவர். ஊர் ஊராகப் போய்க் கக்கூஸ் கட்டியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பது அவருக்குப் பெரிய வேலை. வெயிலில் அலைந்து சபை வீட்டுக்குள் நுழைந்தவர் கடல்காற்று வரும் இடத்தில் சுத்தமான பாய் ஒன்று ஆளில்லாமல் கிடப்பதைப் பார்த்தார். போய் உட்கார்ந்து, தூணில் சாய்ந்து, தொப்பியால் விசிறிக்கொண்டார்.

உள்ளே சபை கூடியிருந்தது. தலைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். துரையை எழுப்ப யாருக்கும் துணிச்சல் இல்லை. வெளியே முற்றத்தில் அத்தை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே தவுவாசா குடும்பத்தில் ஒரு முதியவர், மாமாவின் பெரியப்பா, காலமானார். அத்தை குடும்பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, துக்கத்துக்குரிய கறுப்பு உடுத்தி, வரிசையாகத் துரை வீட்டுக்கு நடந்தாள். ஃபூலிசியாவையும் விடவில்லை. “சொல்வலர் இல்லாம சாவு சொல்லப் போவாங்களா தம்பி?” என்று இழுத்துக்கொண்டு போனாள். துரை வீட்டு வாசலில் எல்லாரும் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். துரை மொழிபெயர்ப்புக்காரரோடு வெளியே வந்தார்.

“நம்ம குடும்பத்துப் பெரியவரு காலமாயிட்டாரு. குடும்பத் தலைவர்கிட்டச் சொல்லிட்டுப் போக வந்தோம்” என்றாள் அத்தை.

மொழிபெயர்ப்புக்காரருக்கு வியர்த்தது. “எந்தத் தலைவர்கிட்ட?”

“இவர்கிட்டதான். எங்க தூண்ல சாஞ்சு உக்காந்தாரே, ஊரே பாத்துச்சு. உக்காந்தவருக்குக் கடமை இருக்குல்ல? பெரிய பன்னி ரெண்டு, நல்ல பாய் அஞ்சு, உப்புக்கறி ஒரு பீப்பாய். அப்புறம் ராத்திரி பொணத்துக்குப் பக்கத்துல வந்து உக்காரணும். அழத் தெரியலன்னா பரவாயில்ல, நாங்க அழுதுக்கறோம்.”

துரை முகம் சிவந்தது. இது என்ன கோமாளித்தனம், நான் இவர்களுக்குத் தலைவனும் இல்லை ஒன்றும் இல்லை, அந்தத் தூண் என்னுடையதா என்ன என்று கத்தினார்.

“என்ன சொல்றாரு?”

“அந்தத் தூண் அவரோடது இல்லையாம்.”

“அரசாங்கத்தோடதா, கேளுங்க.”

கேட்டார்கள். அரசாங்கத்துக்குத் தூண் எதற்கு, அது உங்கள் சமாச்சாரம், போங்கள் என்றார் துரை.

அத்தை திரும்பி ஃபூலிசியாவைப் பார்த்தாள். “கேட்டுக்கிட்டீங்களா தம்பி? அவரோடதும் இல்லையாம், அரசாங்கத்தோடதும் இல்லையாம். நம்ம சமாச்சாரமாம். மகராசன், உண்மையச் சொல்லிட்டாரு.”

துரை கடைசியில் ஒரு பீப்பாய் உப்புக்கறி அனுப்பிவைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பயத்திலா, பண்பிலா, எங்களுக்குத் தெரியாது. கறி நன்றாக இருந்ததாம்.

ஊர் வாரக்கணக்கில் சிரித்தது. ஆனால் திங்கட்கிழமை ஃபூலிசியாவின் குரல் அதே இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு தாண்டிப் போனது.

பிறகு வெலிங்டனில் ஆட்சி மாறியது. துரத்தப்பட்டவர்கள் திரும்பி வரலாம், பறித்த பட்டங்களைத் திரும்பக் கொடுக்கிறோம் என்றார்கள். உயிரோடு இருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். இறந்தவர்களுக்கும் காகிதம் வந்தது. எங்கள் சபையில் வாசித்த காகிதத்தில், கருணையின் பேரில் இயோசேஃபோவுக்கு மன்னிப்பு அளித்துப் பட்டம் மீட்டளிக்கப்படுகிறது, எலும்புகளை ஊருக்குக் கொண்டுவரலாம் என்று இருந்தது. ஃபூலிசியா ஓட்டமாக அத்தை வீட்டுக்கு வந்தார். நான் அப்போது கைப்பிள்ளை. இதைச் சொல்லச் சொல்லிப் பிறகு பலமுறை கேட்டிருக்கிறேன்.

“அண்ணி! காகிதம் வந்துருச்சு! அடுத்த திங்கள் அண்ணனக் கூப்பிடப் போறேன்!”

அத்தை முடைந்துகொண்டிருந்த பாயிலிருந்து நிமிரவில்லை. “என்ன எழுதியிருக்கு?”

“மன்னிச்சுட்டாங்களாம்.”

“யாரு யார?”

ஃபூலிசியா கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

“காகிதத்தப் பாத்து வாய மூடுனீங்க. இப்ப காகிதத்தப் பாத்து வாயத் திறப்பீங்க. நாளைக்கி இன்னொரு காகிதம் வந்தா மறுபடி மூடுவீங்க. அப்படிக் கூப்பிட வேணாம் தம்பி.”

“எலும்பு அண்ணி? அண்ணன் எலும்பு அங்க கெடக்கே?”

“பேர் இல்லாமயா கொண்டாருவேன்? கெடக்கட்டும்.”

ஊர் அவளைத் திட்டியது. கட்டியவன் எலும்பைக்கூட வேண்டாமென்று சொன்ன கல்நெஞ்சுக்காரி என்றார்கள். கிணற்றடியில் சிரித்த பெண்களே முகம் திருப்பினார்கள். ஒவ்வொரு வருடமும் படகேறித் தென்கரைக்குப் போய், கல்லறைமேல் முளைத்த புல்லைப் பிடுங்கி, வெள்ளைப் பவளக்கல் பரப்பிவிட்டு வருவாள். வந்த பிறகு இரண்டு மூன்று நாள் பேசமாட்டாள். அப்போதுதான் ஊர்மீன்களுக்கு நிம்மதி என்று என் அப்பா சொல்வார், அவள் காதில் விழாதபடி.

தவுவாசா பட்டத்தை வேறொருவருக்குக் கட்டவும் முடியவில்லை. பட்டம் வைத்திருந்தவரைச் சபையில் அந்தப் பெயரால் அழைத்து, இறந்தாரென்று துக்கம் காத்த பிறகுதான் இடம் காலியாகும். அழைக்கப்படாதவருக்குப் பின்னால் யாரை உட்கார வைப்பது? மாமாவின் குடும்பம் சபையில் தலை இல்லாமலே இருந்தது. அவர்களும் அத்தையைத்தான் நொந்துகொண்டார்கள், ஆனால் அவளை மீறவில்லை.

நான் வெலிங்டனில் கல்லூரி படித்தேன், உதவித்தொகையில். அங்கேதான் எங்கள் கதையின் மறுபக்கத்தைக் காகிதத்தில் பார்த்தேன். மூன்று வல்லரசுகள் எங்கள் தீவுகளைப் பங்குபோட்டுக்கொண்ட ஒப்பந்தம், அதில் ஒரு சமோவாக்காரரின் கையெழுத்தும் இல்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் எங்களை நியூசிலாந்திடம் ஒப்படைத்த உலக சாசனம். இன்னும் சொந்தக் காலில் நிற்க முடியாத மக்கள் எங்களைப் போன்றவர்கள், எங்களைப் பேணுவது நாகரிகத்தின் புனிதப் பொறுப்பு என்று அது சொன்னது. விடுமுறைக்கு வந்தபோது கோபத்தோடு அத்தையிடம் இதைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. கிழங்கு சுரண்டிக்கொண்டே யோசித்தாள்.

“நிக்க முடியாதவங்கன்னா எழுதியிருக்கான்?”

“ஆமா அத்த.”

“சபை வீட்டுக்குள்ள நிக்கறது யாரு? எடுபிடிப் பசங்க. தலைவன் உக்காந்துல்ல இருப்பான். நம்மளப் பாத்து நிக்கத் தெரியலன்னு அவனுக்குக் கவலையா?” சிரிப்பில் கிழங்கு கையிலிருந்து நழுவி உருண்டது. “பாவம். அவங்க ஊர்ல உக்கார எடமே இல்ல போலிருக்கு.”

அறுபத்தொன்றில் ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் வாக்கெடுப்பு நடந்தது. விடுதலை வேண்டுமா என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். “என் வீட்டுல நான் இருக்கலாமான்னு என்கிட்டயே கேக்குறாங்க, சரி, சொல்லிருவோம்” என்று அத்தை மற்றவர்களுக்கு முந்தித் தயாரானாள். நான் அப்போது ஆசிரியை. வாக்குச்சீட்டு எப்படிப் போடுவதென்று ஊருக்குச் சொல்லிக் கொடுக்கச் சபை வீட்டில் கூட்டம் வைத்தோம். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஃபூலிசியா எழுந்திருக்கவில்லை. கிழவராகிவிட்டார், மூச்சு இழுக்கும், குரல் மட்டும் பழைய குரல்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு” என்றார். “நாம ஆமான்னு போட்டு, அவங்களும் போயிட்டா, அந்தப் பழைய ஆணையெல்லாம் செல்லாதுன்னு ஆயிருமா?”

“எந்த ஆணை மாமா?”

அவர் மூன்றாவது தூணைப் பார்த்தார்.

நான் படித்ததைச் சொன்னேன். ஆகாது. ஒரு காலத்தில் போட்ட ஆணையை அந்தக் காலத்துச் சட்டத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். விடுதலை முன்னோக்கித்தான் போகும். போட்டபோது அது சட்டம்தான் என்றே உலகத்துச் சட்டம் சொல்லும்.

“அப்ப உலகமே கூடி வந்தாலும் அது நடந்தது நடந்ததுதான்.”

“ஆமா மாமா. அவங்க ஏட்டுல.”

“அவங்க ஏட்ட விடு” என்றார். “ஆணை கொண்டாந்த துரை கடுதாசி வாசிச்சாரு, போயிட்டாரு. அவரா கோப்பையத் தாண்டிப் போனாரு? தாண்டுனது இந்த வாயி.” பிறகு, “நாளைக்கு மறுநாள் உலகத்துக்கு முன்னால, எங்கள நாங்களே ஆண்டுக்குவோம்னு நான் எந்த வாயால சொல்றது?” என்று கேட்டுவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் விடியற்காலையில் நாய்கள் குரைத்தன. நான் எழுந்து பார்த்தேன். அத்தை வீட்டு முற்றத்தில் ஊர்த் தலைவர்கள் அத்தனை பேரும் தலை குனிந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் விறகு, அடுப்புக்கல், வாழையிலை. எங்களை அடுப்பில் வைத்துச் சுட்டாலும் சரி என்று தப்பு செய்தவர்கள் கொண்டுவரும் சாமான்கள் அவை. எல்லாருக்கும் முன்னால் ஃபூலிசியா, தலைக்கு மேல் சிவப்பு இறகு தைத்த மென்பாய் போர்த்தி, முகம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கொலை செய்த குடும்பம் கொலையுண்டவர் வீட்டு முன் வந்து இப்படி உட்காருவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஓர் ஊர்ச்சபையே ஒரு பெண்ணின் வாசலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாதிக்கப்பட்டவர் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால் விலக்கும்வரை அப்படியே இருக்க வேண்டும்.

அத்தை வெளியே வந்தாள். பார்த்தாள். திரும்ப உள்ளே போய்விட்டாள்.

வெயில் ஏறியது. மென்பாயின் கீழ் ஃபூலிசியாவின் மூச்சு இழுப்பது எங்களுக்குக் கேட்டது. என் அம்மா உள்ளே ஓடினாள். “கிழவன் செத்துருவான், போய் எடுங்க அண்ணி!” என்றாள். அத்தை பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் எடுத்தது மாமாவின் நீல லாவாலாவா. வெள்ளைக் கோடு மஞ்சளடித்திருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

“யாரது, விடிஞ்சதும் விடியாததுமா விறகோட? நான் அடுப்புக்குச் சொல்லலியே” என்றாள்.

குனிந்த தலைகளில் ஒன்றிரண்டு குலுங்கின. அவள் குனிந்து, இரண்டு கையாலும் பாயை விலக்கினாள். ஃபூலிசியாவின் முகம் நனைந்திருந்தது.

“இப்ப யாரு காகிதம் அனுப்புனா தம்பி?”

“யாரும் இல்ல அண்ணி. நானாத்தான் வந்தேன்.”

“அப்ப கூப்பிடுங்க.”

அவர் ஆவா கொண்டு வரச் சொல்லவில்லை, சபை வீட்டுக்குப் போகவும் காத்திருக்கவில்லை. அங்கேயே, தரையில் உட்கார்ந்தபடியே, மூச்சைச் சேர்த்துப் பிடித்து அழைத்தார்.

“அலை ஓயாத முற்றம்! தவுவாசாவின் கோப்பை!”

கடல்வரை கேட்டது. அந்தக் குரல் எந்த இடத்திலும் நிற்கவில்லை.

அத்தை அப்போதுதான் உட்கார்ந்தாள், முற்றத்து மண்ணிலேயே, அவருக்கு எதிரில். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. தோளிலிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

“இத்தன வருசம் எங்களக் காக்க வெச்சுட்டீங்களே அண்ணி” என்றார் ஃபூலிசியா, கொஞ்சம் மூச்சு வந்ததும்.

துணிக்குள்ளிருந்து பதில் வந்தது. “நான் எங்க காக்க வெச்சேன்? நான் என் எடத்துல உக்காந்துதானே இருந்தேன்.”

வாக்குப் போட்ட மறுவாரம் படகு கட்டிக்கொண்டு தென்கரைக்குப் போனோம். ஃபூலிசியா, வேண்டாமென்று எத்தனை சொல்லியும் கேட்காமல், படகின் முன்முனையில் உட்கார்ந்து வந்தார். எலும்புகளை எடுக்கும் முன், அந்த ஊர்க்காரர்கள் கேட்க, ‘இயோசேஃபோ’ என்று எழுதிய பலகையின் முன் நின்று பட்டத்தைச் சொல்லி மாமாவை எழுப்பினார். இப்போது அத்தை அவருக்குப் பக்கத்தில், வீட்டு முற்றத்தில், அந்தப் பழைய பாயோடு கிடக்கிறாள். சபை வீட்டில் மூன்றாவது தூணின் கீழ் புதுப் பாய் விரிந்திருக்கிறது, அவளே முடைந்தது. அதில் இப்போது ஒரு தவுவாசா உட்கார்ந்திருக்கிறார்.